கள்ளிக்கும் பூச்சி வரும்

கள்ளிச்செடி வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சோம்பலுக்கு வசதியாக இருக்கும் என்றுதான் வாங்குகிறார்கள். தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சாகாது, ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கும், ஆடு கடிக்காது, பூச்சி அண்டாது. நர்சரிக்காரரும் இதையே சொல்லித்தான் விற்கிறார். முதல் மூன்றையும் ஒத்துக்கொள்ளலாம். நாலாவதை யாராவது என் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டால் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். உள்ளிருந்து ஒரு சின்னப் பித்தளைச் சாமான் வெளியே வரும்.

கவுண்டிங் கிளாஸ் என்று மில்லில் சொல்வார்கள். மூன்றாக மடங்கும். விரித்துத் துணிமேல் வைத்தால் அடியில் ஓர் அங்குலச் சதுரத்தில் திறப்பு, மேலே லென்ஸ். அங்குலத்துக்குப் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று இழை எண்ணுவதற்கானது. பெரியப்பா கோவையில் ஒரு மில்லின் நெசவுப் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த சால்வையையும் குத்துவிளக்கையும் பெரியம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பெரியப்பாவின் கையில் மிஞ்சியது இந்தக் கண்ணாடிதான். இழை எண்ணிப் பழகிய கண், எண்ண வேறெதுவும் இல்லாமல் மொட்டைமாடித் தொட்டிகள் பக்கம் திரும்பிவிட்டது.

வீடு வடவள்ளியில். மாடியில் நின்றால் மருதமலை தெரியும். பச்சை நிழல்வலைக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டுகள். அவற்றில் மண்தொட்டி, சிமெண்டுத் தொட்டி, அடியில் ஓட்டை போட்ட ஐஸ்கிரீம் டப்பா என்று கலந்துகட்டி அடுக்கியிருப்பார். உருண்டையாக மஞ்சள் முள்ளோடு இருக்கும் கோல்டன் பேரல், கொத்துக் கொத்தாகக் குட்டி போடும் மம்மிலேரியா, ராத்திரியில் பூத்துக் காலையில் தொங்கிப்போகும் எக்கினோப்சிஸ், டிராகன் பழக் கொடியின் தண்டில் சிவப்புப் பந்தை ஒட்டுக்கட்டிய மூன் கேக்டஸ். பாதி கலிம்போங் சரக்கு. ஒரு மூலையில் நம் ஊர்த் திருகுகள்ளியும் சதுரக்கள்ளியும் இருந்தன. அவை கேக்டஸே இல்லை, கிள்ளினால் பால் வருகிற வேறு குடும்பம் என்பதை வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லுவார். கேக்டஸ் குடும்பம் கிட்டத்தட்ட முழுக்கவே அமெரிக்கக் கண்டத்து ஆசாமிகள். நம் கள்ளிகள் நம்முடையவை. முள்ளைப் பார்த்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். பூச்சிக்கு அந்த வித்தியாசம் பொருட்டே இல்லை, இரண்டிலும் ஏறும்.

மாவுப்பூச்சி பார்ப்பவர் கண்ணுக்குப் பூச்சியாகவே தெரியாது. முள்ளடியில் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருக்கிறது என்று நினைப்போம். மம்மிலேரியாவில் பல வகைகளுக்கு முள்ளடியில் சொந்தமாகவே வெள்ளைப் பஞ்சு உண்டு என்பதால் ஏமாறுவது இன்னும் சுலபம். பெரியப்பா எனக்கு அதைக் காட்டியது ஒரு லீவு நாளில். பித்தளைச் சதுரத்துக்குள் கண்ணை வைத்தேன். முதலில் வெறும் வெள்ளை. குச்சிமுனையால் அவர் அந்தப் பஞ்சை ஒதுக்கியதும், மூன்று மில்லிமீட்டர்கூட இராத, நீள்வட்டமான, வெளிறிய ரோஸ் நிற உடம்பு தெரிந்தது. முதுகில் குறுக்குக் குறுக்காக வரிகள். ஓரம் முழுக்க மெழுகு இழைகள், புடவைக் குஞ்சம்போல. பக்கத்திலேயே ஒரு பஞ்சுப் பொதி. அதைக் கீறியதும் மஞ்சளாக நூற்றுக்கணக்கில் முட்டைகள் உதிர்ந்தன. கால்கள் அசைந்தன, உடம்பு நகரவில்லை. வாயைச் செடியின் தோலுக்குள் இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

"அதுக்கு எந்திரிச்சுப் போற அவசியமே இல்லீங்கண்ணு. இருந்த எடத்துலயே சோறு."

ஆண்பூச்சியை நாம் பார்ப்பதே இல்லை. கொசுவைவிடச் சின்னதாக, இறக்கையோடு, சில நாள் உயிரோடு இருக்கும். அதற்குத் தின்கிற வாயே கிடையாது. "பொம்பளைக்கு ரெக்கை இல்ல, ஆம்பளைக்கு வாய் இல்ல" என்று பெரியப்பா விளக்கிக்கொண்டிருந்தபோது, துணி உலர்த்த வந்த பெரியம்மா, "இந்த வூட்டுல மட்டும் எப்படிங்க மாறிப்போச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் வைத்தியம் ஸ்பிரிட். மருந்துக்கடையில் ஊசி போடுவதற்கு முன் தேய்க்கிற ஸ்பிரிட் என்று கேட்டு வாங்குவார். நூற்றுக்கு எழுபது பங்கு ஆல்கஹால் உள்ளது போதும். சின்ன வாட்டர் கலர் பிரஷ்ஷை அதில் தொட்டு, ஒவ்வொரு பஞ்சின் மேலும் ஒற்றுவார். மெழுகு கரைந்து பூச்சி பழுப்பாகிவிடும். வெயில் சாய்ந்த பிறகுதான் செய்வார், உச்சி வெயிலில் தடவினால் செடியின் தோல் வெந்துபோகும். சாம்பல் பூத்தாற்போல் இருக்கும் எச்சிவீரியா மாதிரிச் செடிகளைத் தொட மாட்டார். அந்தச் சாம்பல் செடி தனக்காகப் பூசிக்கொண்ட மெழுகு; ஸ்பிரிட் அதையும் சேர்த்துக் கரைத்து எடுத்துவிடும், தழும்பு போகாது. கொரோனா காலத்தில் எல்லார் வீட்டிலும் சானிடைசர் நிறைந்தபோது அதைச் செடிக்குப் போட்டவர்கள் உண்டு. கொழகொழவென்று இருக்கும் ஜெல் வகையில் வேறு சாமான்களும் கலந்திருக்கின்றன, அது கைக்கானது.

ஒரு தடவை தடவிவிட்டு முடிந்தது என்று எழுந்துபோகிறவர்களுக்குத்தான் மாவுப்பூச்சி திரும்பத் திரும்ப வருகிறது. பொதிக்குள் இருக்கிற முட்டை தப்பும். ஒரு வாரம், பத்து நாளில் பொரியும். பொரிந்த குஞ்சுக்கு அந்த வயதில் மெழுகும் இருக்காது, நன்றாக நடக்கும், பக்கத்துத் தொட்டிக்குப் போகும். அதனால் வாரம் ஒரு முறை என்று விடாமல் ஒரு மாதம் ஒற்றினால்தான் ஒரு தலைமுறை அறும். பெரியப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் யார் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தாலும் மாடிக்கு வந்துதான் கொடுக்க வேண்டும்.

ஆனால் மாவுப்பூச்சியை விட்டுவிட்டு அவர் அதிகமாகப் பின்தொடர்ந்தது எறும்பை. செடியில் எறும்பு ஊர்ந்தால் நாம் எறும்புப்பொடி தூவிவிட்டு வந்துவிடுவோம். அவர் அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று குந்த வைத்து உட்கார்ந்து பார்ப்பார். மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ எல்லாமே செடியின் சாற்றைத் தேவைக்கு மேல் உறிஞ்சிவிட்டு, மிச்சத்தை இனிப்புத் திரவமாகப் பின்னால் விடுகின்றன. இலை பிசுபிசுவென்று இருப்பதும், பிறகு அதன்மேல் கரி பூசினாற்போல் கரும்பூசணம் படர்வதும் அதனால்தான். அந்த இனிப்புக்கு எறும்பு வருகிறது. வந்தது சும்மா குடித்துவிட்டுப் போவதில்லை. பொறிவண்டு வந்தால் கடித்துத் துரத்துகிறது, சில எறும்புகள் பூச்சியைத் தூக்கிப் புதுத் தண்டில் கொண்டுபோயும் விடுகின்றன. எறும்பு காவல் இருக்கிற வரைக்கும் நீ எத்தனை ஸ்பிரிட் தடவினாலும் வெளியாள் உதவி உள்ளே வராது என்பது பெரியப்பாவின் கட்சி. எனக்கும் இன்று அதே கட்சிதான். தொட்டிச்செடிக்குப் பூச்சி என்றால் முதலில் எறும்பின் வழியை அடை. மருந்தைப் பற்றிப் பிறகு பேசு.

மாடிக்கு எறும்பு வந்த வழி, வாசலில் இருந்த செம்பருத்தி. அதன் ஒரு கிளை கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தச் செம்பருத்தியின் நுனியெல்லாம் மாவு. கிளையை வெட்டினார். பிறகு ஸ்டாண்டின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் தேங்காய்த் தொட்டியில் தண்ணீர் வைத்தார், சமையல்கட்டில் பலகாரப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைக்கிற அதே உபாயம். எறும்பு நின்றது. ஆனால் டெங்கு வந்த வருஷம் வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வந்தவர்கள் மாடியேறி, வரிசையாகத் தேங்காய்த் தொட்டிகளில் தண்ணீரைப் பார்த்ததும் அதிர்ந்துபோனார்கள். எறும்பைப் பற்றி, மாவுப்பூச்சியைப் பற்றி, இரண்டுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பெரியப்பா அவர்களுக்கு எடுத்துச் சொன்னார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஒர்க்ஷாப்பிலிருந்து வாங்கிவந்த கழிவு ஆயில். அதில் எறும்பும் தாண்டாது, கொசுவும் முட்டையிடாது. பெரியம்மாவின் புடவையில் மட்டும் பட்டது.

வெளியாள் உதவி என்று அவர் சொன்னது வேடிக்கைக்கு அல்ல. செம்பருத்திக் கிளையை வெட்டிய பிறகு ஒரு நாள், பெரியம்மா பஞ்சும் ஸ்பிரிட்டுமாகத் தானும் ஒரு கை பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார். அன்று மாவுப்பூச்சி வழக்கத்தைவிடப் பெரிசாக இருந்தது. "இதென்னங்க, இத்தாச்சோடு கெடக்குது" என்று பஞ்சை வைக்கப் போனவரின் கையை எட்டிப் பிடித்துவிட்டார் பெரியப்பா. லென்ஸை வைத்தோம். உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு இழைகள், ஆனால் நீளமாக, கலைந்த தலைமுடி மாதிரித் தொங்கின. மாவுப்பூச்சி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் என்றேன் அல்லவா, இது நடந்தது. சரசரவென்று ஒரு முள்ளடியிலிருந்து இன்னொரு முள்ளடிக்குப் போனது. போன இடத்தில் இருந்த முட்டைப் பொதிக்குள் தலையை விட்டது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் பொதி இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

அது பொறிவண்டின் புழு. கிரிப்டோலேமஸ் என்கிற ஆஸ்திரேலியப் பொறிவண்டு. வளர்ந்த வண்டு கருப்பாக, தலைப்பக்கம் ஆரஞ்சாக, கிட்டத்தட்ட மிளகளவில் இருக்கும். நாம் படத்தில் பார்க்கிற சிவப்பில் புள்ளி வைத்த அழகு இதற்குக் கிடையாது. 1898இல் காப்பித் தோட்டத்தின் செதில் பூச்சியைத் தின்பதற்காக ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். தின்னச் சொன்னதைவிட மாவுப்பூச்சி அதற்கு ருசித்தது; இங்கேயே தங்கிவிட்டது. அதன் புழு தன் இரையைப் போலவே வெள்ளை வேஷம் கட்டுவதால், நல்லெண்ணத்தோடு செடி துடைக்கிறவர்கள் கையில்தான் அதிகம் சாகிறது. பெரிசாக இருந்து வேகமாக நடந்தால் விட்டுவிடு என்று பெரியம்மாவுக்குச் சொல்லப்பட்டது. பெரியம்மா அதன்பிறகு பஞ்சைத் தொடவே இல்லை.

2008இல் ஊரே வெளுத்தது. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் கண்ணில் பட்டதே கோயம்புத்தூரில்தான். மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. பப்பாளியின் தண்டு, இலை, காய் எல்லாம் சுண்ணாம்பு அடித்தாற்போல் ஆனது. பப்பாளியோடு நிற்கவில்லை: மரவள்ளி, பட்டுப்பூச்சிக்கு வைத்த மல்பெரி, செம்பருத்தி, ரோட்டோரப் பார்த்தீனியம் வரைக்கும் ஏறியது. பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் வெள்ளையாக ஒரு மரம் தெரிந்தால் அது பப்பாளி என்று புரிந்துகொள்ளலாம். ஜனங்கள் மரத்தை வெட்டிச் சாக்கடையோரம் போட்டார்கள். பூச்சி அங்கிருந்து நடந்து அடுத்த வீட்டுக்குப் போனது. பூச்சிமருந்துக் கடையில் கூட்டம். அடித்த மருந்தெல்லாம் மெழுகின்மேல் பட்டு வழிந்தது.

அதை அடக்கியது மருந்தல்ல. 2010இல் பெங்களூரில் இருக்கும் தேசியப் பூச்சி ஆய்வு நிறுவனத்தின் மூலம் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வந்தன. வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. அவற்றில் முக்கியமான அசெரோபேகஸ் பப்பாயே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. குளவி என்ற சொல்லே அதற்குப் பெரிசு, மனுஷரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும், குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்து, முதுகில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த சொந்தக்காரர் ஒருவர், குளவி விட்ட தோட்டத்திலிருந்து நாலைந்து பப்பாளி இலைகளைக் காகிதப் பையில் போட்டுப் பெரியப்பாவுக்குக் கொண்டுவந்தார். உப்பிப்போய், பழுப்பாய், அசைவில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன பூச்சிகள். சிலவற்றின் முதுகில் வட்டமாகத் துளை. பெரியப்பா வெகுநேரம் லென்ஸை எடுக்கவில்லை. இலைகளைச் செம்பருத்தியில் கட்டித் தொங்கவிட்டோம். அடுத்தடுத்த மாதங்களில் செம்பருத்தி தேறியது. அந்தக் குளவி ஊர்முழுக்க வந்துகொண்டிருந்தது, ஆகவே எங்கள் காகிதப் பைக்குப் பெருமை சேர்க்க முடியாது. கள்ளித் தொட்டியில் இருந்த மாவுப்பூச்சியை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது வேறு ஜாதி மாவுப்பூச்சி. இந்தக் குளவிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பெரியப்பா மறுபடி பிரஷ்ஷோடு உட்கார்ந்தார்.

கள்ளியில் வெள்ளையாக ஏதாவது கண்டால் எனக்குத் தாராபுரத்துக்குப் பக்கத்தில், அம்மாவின் அம்மாவான அமுச்சியின் ஊர் ஞாபகம் வரும். காட்டுவழியில் சப்பாத்திக்கள்ளி உண்டு. பழம் பறிக்க ஒரு முறை இருக்கிறது: கவைக்குச்சியால் தட்டி விழவைத்து, மண்ணில் போட்டுச் செருப்பால் உருட்டி, கண்ணுக்குத் தெரியாத பொடிமுள்ளைப் போக்கி, பிளந்து, நடுவில் இருக்கும் முள்ளை எடுத்து எறிந்துவிட்டுத் தின்ன வேண்டும். நாக்கும் உதடும் சிவக்கும். கள்ளி மட்டையில் அங்கங்கே வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கும். அதைக் குச்சியால் எடுத்து உள்ளங்கையில் தேய்த்தால் ரத்தச் சிவப்பு. பெண்பிள்ளைகள் அதில் பொட்டு வைத்துக்கொள்வோம். பழத்தின் சாறு பட்டிருக்கிறது என்றே அமுச்சி நினைத்திருந்தார்.

பல வருஷம் கழித்து மாடியில் முயல்காதுக் கள்ளியில் அதே பஞ்சு வந்தது. பெரியப்பா நசுக்கிப் பார்த்தார், குச்சிமுனை சிவந்தது. சாதாரண மாவுப்பூச்சி நசுங்கினால் இத்தனை அடர்ந்த சிவப்பு வராது. இது அதன் ஒன்றுவிட்ட சொந்தம், காச்சினீல். சாயப்பட்டறைக்காரர்களோடு பழகியவர் ஆகையால் பூச்சியைவிட அதன் சாயக் கதை பெரியப்பாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆங்கிலேய அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்குச் சாயம் இந்தப் பூச்சியிலிருந்து. உயர்ந்த ரகம் மெக்சிகோவில், ஸ்பெயின்காரன் கையில். சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் நம் மண்ணிலேயே அதை வளர்த்துவிட வேண்டும் என்று சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளித்தோட்டம் போட்டு, பூச்சிக்காக ஊர் ஊராகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1795இல் நீல்சன் என்ற கேப்டன் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்து சேர்த்தார். வந்தது மட்ட ரகம். சாயம் சரியில்லை. ஆனால் பூச்சி கள்ளியைத் தின்ற வேகம் யாரும் எதிர்பார்க்காதது. புறம்போக்கிலும் வயலிலும் காடாக மண்டிக் கிடந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை அது படுக்க வைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து வேண்டுமென்றே பரப்பினார்கள். களையை அழிக்கப் பூச்சியை ஏவிய காரியங்களில் உலகத்திலேயே முந்தியது இதுதான் என்கிறார்கள். நம் பக்கத்தில் மிஞ்சியிருந்த இன்னொரு வகைக் கள்ளியை அந்தப் பூச்சி தொடவில்லை. அதற்கென்று வேறொரு காச்சினீல் 1926இல் இலங்கையிலிருந்து வந்தது. நான் பொட்டு வைத்துக்கொண்டது அதன் வம்சமாகத்தான் இருக்க வேண்டும். தாராபுரத்து நிலம் எத்தனையோ அதனால் உழவுக்குத் திரும்பியிருக்கும். மாடியில் அதே பூச்சிக்கு ஸ்பிரிட். தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை.

சிலந்திப்பேன் மாசி, பங்குனியில் வரும். காற்று நின்றுபோய்ச் சூடு ஏறுகிற இடம் அதற்குப் பிடிக்கும். எட்டுக்கால், ஆகவே பூச்சி என்றே சொல்லக்கூடாது. செடியில் வெறுங்கண்ணுக்கு எளிதில் படாது; அது செய்த காரியம்தான் படும். கள்ளியின் உச்சியில், புதுத் தோல் வரும் இடத்தில், துரு ஏறியதுபோல் பழுப்பாகிவிடும். வெள்ளைத் தாளை அடியில் பிடித்துச் செடியைத் தட்டினால் விழும் தூசியில் சில புள்ளிகள் நடக்கும். அவற்றை விரலால் நசுக்கி இழுத்தால் கோடு விழும். பெரியப்பா இதற்குத் தண்ணீரைத்தான் நம்பினார். சாயங்காலம் ஹேண்ட் ஸ்பிரேயரில் வேகமாகப் பீய்ச்சி அடித்தால் அது பின்னிய வலை கிழிந்து பாதி போகும். மிஞ்சினால் நனையும் கந்தகம், லிட்டருக்கு இரண்டு கிராம், வெயில் தணிந்த நாளாகப் பார்த்து. வேப்பெண்ணெய் அடித்த கையோடு கந்தகம் அடித்தால் இரண்டும் சேர்ந்து செடியைச் சுட்டுவிடும். பழுப்பேறிய தழும்பு கடைசிவரை போகாது. செடி வளர வளர அது கீழே இறங்கும், அவ்வளவுதான்.

இந்தச் சிலந்திப்பேன் விஷயத்தில்தான் மருந்தின் குணத்தை நான் பார்த்தேன். ஒரு கோடையில் பக்கத்து வீட்டுக்காரர் தன் ரோஜாக்களுக்கு, கடைக்காரர் கொடுத்த ஏதோ ஒன்றை வாராவாரம் அடித்தார். நல்ல நாற்றம், காற்று வாக்கில் எங்கள் மாடிக்கும் வரும். அசுவினி செத்தது வாஸ்தவம். ஆனால் அந்த மருந்தில் சிலந்திப்பேன் சாகவில்லை. அதைத் தின்கிற வண்டும் நல்ல சிலந்திப்பேன்களும் செத்தன. மாதக் கடைசியில் ரோஜா இலைகள் வெளிறி, அடியில் வலை கட்டி நின்றன. இன்னும் பலமான மருந்து வாங்கிவந்தார். குழந்தைகள் விளையாடுகிற மாடியில், துணி உலர்த்துகிற கொடிக்குக் கீழே, முகத்துக்கு ஒரு துணிகூடக் கட்டாமல் இதைச் செய்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும். வயலுக்குச் சொன்ன மருந்தை ஆறு அங்குலத் தொட்டிக்கு மூடியால் அளந்து ஊற்றுவது எந்த ஊர் நியாயம்?

வேப்பெண்ணெய் விஷயம் வேறு. அதற்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. லிட்டருக்கு ஐந்து மில்லி எண்ணெய். முதலில் காதி சோப்புக் கரைசலை எண்ணெயோடு குழைத்துவிட்டு, பிறகுதான் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். பால்போல் வெளுத்தால் சரி. எண்ணெய் மேலே மிதந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். கலக்கியதை அன்றே அடித்துத் தீர்க்க வேண்டும். கறிவேப்பிலைக்கு இது வேண்டாம் என்று பெரியம்மா சொல்லிவிட்டார், ரசத்தில் வாசனை வருகிறதாம். அதற்குப் புளித்த மோர்தான் அவர் வைத்தியம். அவரைக் கொடியில் அசுவினி வந்தால் அடுப்புச் சாம்பலைப் பனி காயுமுன் தூவுவது அமுச்சி காலத்து வழக்கம். அடுப்பு போனதோடு சாம்பலும் போயிற்று.

செடியின் வளர்ச்சி நின்று, தொட்டால் ஆடினால், பெரியப்பா மேலே தேட மாட்டார். தொட்டியைக் கவிழ்ப்பார். வேர்களில் அரிசி மாவு தூவியதுபோல் இருந்தால் வேர் மாவுப்பூச்சி. மண்ணைத் தூரக் கொட்டி, வேரைக் கழுவி, கெட்டதை வெட்டி, நிழலில் ஒரு வாரம் வெறும் வேரோடு காயப்போட்டுப் புது மண்ணில் நடுவார். கள்ளிக்கு அந்தப் பட்டினி தாங்கும். பூச்சிக்குத் தாங்காது.

எல்லாவற்றையும் கொன்றவர் அல்ல அவர். ஒரு ஆடி மாதம் அடீனியத்தில் ஒரே இரவில் இலையெல்லாம் போய் வெறும் காம்பு நின்றது. கட்டைவிரல் பருமனுக்குப் பச்சைப் புழு ஒன்று தண்டோடு தண்டாக இருந்தது. பக்கவாட்டில் வெள்ளைக்கோடு, குச்சியால் தொட்டதும் தலையை உள்ளே இழுத்தது, கழுத்துக்கு மேலே இரண்டு நீலக் கண்கள் விரிந்தன. கண்கள் அல்ல, கண்போலப் புள்ளிகள். அரளி அந்துப்பூச்சியின் புழு. அடீனியம் அரளிக்கு உறவு, அந்தப் பாலின் விஷம் இதற்குச் சாப்பாடு. பெரியப்பா அதை இருந்த காம்போடு வெட்டி, தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் அரளியில் கொண்டுபோய் விட்டுவந்தார். கோயில்காரர் பார்த்தால் என்ன சொல்லுவார் என்று பெரியம்மா கேட்டதற்கு, "அவருக்கு அரளி எத்தனையோ இருக்குது, எனக்கு அடீனியம் ஒண்ணுதானே" என்றார்.

பெரியப்பாவுக்குப் பிறகு தொட்டிகளில் பாதி எனக்கு வந்தன, பாதி அக்கம்பக்கம் போயின. நான் இருப்பது அப்பார்ட்மெண்ட். கிழக்குப் பார்த்த பால்கனி, காலை வெயில் மட்டும். யூரியா, வளர்ச்சி டானிக் என்று எதையும் கள்ளிக்குக் கொடுப்பதில்லை. கொழுத்துத் தளதளவென்று வந்தால் அந்த இளந்தோலைத்தான் சாறு உறிஞ்சும் பூச்சி தேடிப் பிடிக்கிறது. தொட்டிக்குத் தொட்டி ஒரு சாண் இடைவெளி. புதிதாக எது வாங்கினாலும் முதல் ஒரு மாதம் குளியலறை ஜன்னலில் தனிவாசம். மலர்க் கண்காட்சியில் வாங்கினாலும் சரி, சம்பந்தி வீட்டிலிருந்து வந்தாலும் சரி. பூச்சி பெரும்பாலும் பறந்து வருவதில்லை, நாம்தான் ஆட்டோவில் மடியில் வைத்துக் கூட்டிவருகிறோம். தொட்டியின் அடி ஓட்டை, விளிம்பின் உள்பக்கம், ஒட்டுக்கட்டிய இடத்தின் இடுக்கு மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இப்போது அந்த ஜன்னலில் கலிம்போங்கிலிருந்து வந்த ஆஸ்ட்ரோபைட்டம் ஒன்று இருக்கிறது. முள் கிடையாது, பச்சை உடம்பு முழுக்கப் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி. அது பிறவியிலேயே அப்படித்தான், பூச்சி இல்லை என்று வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவர் நம்பவில்லை. நேற்றுக்கூடப் பஞ்சும் ஸ்பிரிட் பாட்டிலும் எங்கே என்று கேட்டார்.